தையில் வாங்கி ஐப்பசியில் ஆக்குவது: கரிசல் வீட்டின் ஆண்டுக் கணக்கு

விளாத்திகுளம், கமுதி, சாயல்குடிப் பக்கத்துக் கரிசல் மண் ஊர்களில் ஒரு வீடு சிக்கனமாக ஓடுகிறதா என்று அறிய அடுப்படிக்குள் போக வேண்டாம். பங்குனி மாதம் மொட்டை மாடியில் என்ன காய்கிறது என்று பார்த்தால் போதும். புளி, மிளகாய், மல்லி, உளுந்து, மோர் மிளகாய் என்று வரிசையாகக் கிடந்தால், அந்த வீட்டுப் பெண் ஐப்பசி, கார்த்திகையில் உப்புக்கும் தீப்பெட்டிக்கும்தான் பலசரக்குக் கடைக்குப் போவாள். மாடி வெறுமனே கிடந்தால், அதே சாமானை மழைக்காலத்தில் நூறு கிராமும் கால் கிலோவுமாக வாங்கிக்கொண்டிருப்பாள்.

இது மழையை மட்டும் நம்பி விதைக்கும் மானாவாரிக் காடு. புரட்டாசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து, மார்கழிக் கடைசியிலிருந்து பங்குனி வரை வெள்ளாமை வீடு வந்து சேரும். உளுந்தும் பாசிப்பயறும் தைப் பொங்கலுக்கு முன்னே பின்னே வரும். மல்லி தை, மாசியில். முண்டு மிளகாய் மாசி தொடங்கிப் பல பறிப்பு. புளி மாசி, பங்குனி. பங்குனிக்கு மேல் கருப்பட்டி. எல்லாம் அடுத்தடுத்துச் சந்தைக்கு வருவதால் விலையும் அப்போதுதான் விழும். விற்கிறவருக்கு அது வயிற்றெரிச்சல். வாங்கிச் சாப்பிடுகிற வீட்டுக்கோ வருஷத்தில் ஒரே வாய்ப்பு.

தற்சார்பு வாழ்க்கை என்றதும் எல்லாரும் விளைவிப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். ஒரு சென்ட் நிலம் இல்லாத வீடும் இங்கே தன் காலில் நிற்கிறது. அது எப்படி என்றால், விலை இறங்கிய மாதத்தில் எடுத்ததைப் பத்து மாதம் கெடாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்ததால். அந்தப் பத்து மாதமும் எதிரி ஒன்றுதான், ஈரம். வண்டு விழுவது, பூஞ்சணம் பிடிப்பது, எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் சரியாகக் காயாத ஈரம்தான் நிற்கும்.

புதிதாகக் குடித்தனம் தொடங்கும் பெண் முதலில் செய்ய வேண்டியது அளவு எடுப்பது. ஒரே ஒரு மாதம், எதை எவ்வளவு செலவழித்தோம் என்று காலண்டர் தாளில் எழுதி வைத்தால் போதும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் முக்கால் கிலோ புளி ஆகிறது என்றால் வருஷத்துக்கு 9 கிலோ. மிளகாய் அரைக் கிலோ என்றால் 6 கிலோ. வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் கிலோ உளுந்து போட்டு மாவாட்டினால் 26 கிலோ. இந்தக் கணக்கைப் போடாமல் மாமியார் காலத்து அளவில் மூட்டை இறக்கினால், ஆறு பேர் சாப்பிட்ட வீட்டின் சரக்கு மூன்று பேருக்கு மிஞ்சிப் புழுத்துப்போகும். சிக்கனத்தில் வரும் நட்டங்களில் இது பெரியது, வெளியே தெரியாததும் இதுதான்.

புளியை ஓட்டோடு வாங்குவதா, கொட்டை எடுத்ததை வாங்குவதா என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 10 கிலோ ஓட்டுப்புளியை உடைத்தால் சதை 5 கிலோவுக்குச் சற்று மேலே தேறும். 3 கிலோவுக்கு மேல் கொட்டை, மிச்சம் ஓடும் நாரும். ஆகவே ஓட்டுப்புளி விலையை இரண்டால் பெருக்குங்கள். கொட்டை எடுத்த புளியின் விலை அதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால் மட்டும் உட்கார்ந்து தட்டலாம். கொட்டையைச் சும்மா கொட்டிவிட வேண்டாம், அதற்கும் வியாபாரிகள் வருவார்கள்.

உடைத்த புளியை நாரும் கொட்டையும் எடுத்து இரண்டு நாள் நல்ல வெயிலில் போட வேண்டும். விரலில் ஒட்டாமல் வளைகிற பதம் வந்தால் சரி. பத்துக்கு ஒன்று என்று கல் உப்பு, அதாவது 10 கிலோ புளிக்கு 1 கிலோ. மண் பானையின் அடியில் ஒரு கை உப்பு, மேலே நாலு விரல் கனத்துக்குப் புளி, கையால் நன்றாக அமுக்கி, மறுபடி உப்பு. அமுக்குவதுதான் காரியம். இடையில் காற்று நின்றால் அந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சணம் தெரியும். மண் பானை, பீங்கான் ஜாடி இரண்டும் தோது. தகர டின்னும் அலுமினியப் பாத்திரமும் ஆகாது, புளியின் அமிலமும் உப்பும் சேர்ந்து அரித்துவிடும். நாளாக ஆகப் புளி கறுக்கும். அது கெடுதல் இல்லை, பழம்புளி குழம்புக்கு வாகானது. ஆனால் ஈரக் கையோடு பானைக்குள் எடுத்துவிட்டால் அந்த வருஷப் புளியைக் காப்பாற்ற முடியாது. வாரத்துக்கு ஆவதை ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு பானையை மூடி வைப்பது நல்ல பழக்கம்.

மிளகாயில் தவறு வேறு விதமாக நடக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தோல் தடிமனாக இருப்பது அதன் அழகு, காய்வதற்கு நேரமெடுப்பதும் அதனால்தான். பறித்த பழத்தை உடனே வெயிலில் போடாமல் ஓரிரு நாள் நிழலில் குவித்து வைத்தால், அரைச் சிவப்பாக இருந்ததும் நிறம் ஏறிவிடும். பிறகு தார்ப்பாயில் ஒரு அடுக்காகப் பரப்பி, சாயங்காலமானால் கூட்டிக் குவித்து மூட வேண்டும். மூடாமல் பனியில் விட்டது, மண் தரையில் நேரடியாகப் போட்டது, பாதி காய்ச்சலில் சாக்கில் கட்டியது எல்லாம் வெளுத்துச் சோடையாகும். சோடையைத் தனியே பொறுக்கி எறிய வேண்டுமே தவிர, பொடியில் தெரியாது என்று சேர்த்து அரைக்கக் கூடாது. அது பூஞ்சணம் பிடித்த வத்தல். காதருகே ஒரு காயை ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும், காம்பு டக்கென்று ஒடிய வேண்டும். 10 கிலோ பழம் 3 கிலோ வத்தலாக நின்றால் சரியான காய்ச்சல்.

வருஷத்துக்கு வத்தல் வாங்கலாம், வருஷத்துக்குப் பொடி அரைக்கக் கூடாது. 1 கிலோ வத்தல், 2 கிலோ மல்லி, 100 கிராம் விரலி மஞ்சள் என்று மூன்று மாதத்துக்கு மட்டும் மில்லுக்குக் கொண்டுபோனால் மல்லி வாசம் கடைசி வரை நிற்கும். மில்லிலிருந்து வரும் பொடி சூடாக இருக்கும். தூக்குவாளியோடு மூடியே கொண்டுவந்து அப்படியே அலமாரியில் வைப்பவர்கள் நிறையப் பேர். மூடியின் உள்பக்கம் வியர்த்து, அந்தத் தண்ணீர் பொடியில் சொட்டி, ஒரு மாதத்தில் கட்டி கட்டும். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகுதான் மூட வேண்டும்.

இனி உளுந்து. மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம் வீணாவது இதுதான். காரணம், வண்டு நம் வீட்டில் வந்து சேர்வதில்லை, காட்டிலிருந்தே கூட வருகிறது. பயறு வண்டு நெற்றின் மேலும், பிறகு பயறின் மேலும் முட்டையிடும். உற்றுப் பார்த்தால் பயறில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும், சுரண்டினாலும் எளிதில் போகாது. அதிலிருந்து வரும் புழு நேராகப் பயறுக்குள் துளைத்துக்கொண்டு போய், உள்ளேயே தின்று வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வட்டமாக ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். அந்த வண்டு தின்பதில்லை, மறுபடி முட்டையிடுவது மட்டும்தான் அதன் வேலை. ஆகவே ஓட்டை தெரிகிற நாளில் ஒரு தலைமுறை சேதம் முடிந்துவிட்டது. ‘தையில் நல்லாத்தான் இருந்துச்சு, மாசியில் எங்கிருந்தோ வந்துருச்சு’ என்பதன் உள்விவரம் இதுதான்.

வாங்கியதும் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் காய்ச்சல் போதும், நசுங்கினால் போதாது. பிறகு கறுப்புத் தார்ப்பாயில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாள் போர்த்தி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் கல் வைத்து, உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டால், உள்ளே ஏறும் சூட்டில் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெறும் வெயிலில் காய வைத்தால் வண்டு பறந்துபோகும், உள்ளே இருக்கும் புழு பிழைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இதுதான் வித்தியாசம். விதைக்கு வைத்திருப்பதை இந்தச் சூட்டில் போடாமல் இருப்பது நல்லது.

நிழலில் ஆற விட்டு, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய் விட்டுப் புரட்டி எடுத்தால் இரண்டாவது காவலும் ஆயிற்று. எண்ணெய்ப் படலம் முட்டைக்கு மூச்சு விடாமல் செய்யும், அதனால் பொரிக்காது. ஒவ்வொரு பயறிலும் படுகிற மாதிரி புரட்ட வேண்டும், மேலே ஊற்றிவிட்டு விடுவதில் பயனில்லை. வேப்பிலை, நொச்சி இலை, வசம்பு போடுவது வழக்கம்தான். அவை வண்டை விரட்டும், உள்ளே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. இலையைப் பச்சையாகப் போட்டால் ஈரத்தையும் நாமே சேர்த்ததாகும், நிழலில் காய்ந்ததைத்தான் போட வேண்டும். தானியம் கொட்டி வைக்கும் மண் குலுக்கை உள்ள வீடுகள் குறைந்துவிட்டன, இப்போது பிளாஸ்டிக் டிரம்தான். டிரம்மில் தவறில்லை. விளிம்பு வரை நிரப்பி, காற்றுக்கு இடம் வைக்காமல் இறுக மூட வேண்டும், தரையில் நேரே வைக்காமல் பலகை மேல் வைக்க வேண்டும். பாதி காலியானதும் சின்ன டிரம்முக்கு மாற்றிவிடலாம்.

துவரையை இப்படி வருஷத்துக்கு வாங்கி, செம்மண் கட்டி, காய வைத்து, திருகையில் உடைக்கத்தான் வேண்டுமா? சொந்தக் காட்டில் விளைந்தால் செய்யலாம். மற்றவர்களுக்குத் தேவையில்லை என்பதே நேர்மையான பதில். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும், லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைக்கின்றன. அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வருகிறது. இந்த மூன்றையும் கணக்கில் சேர்க்காத தற்சார்புப் பேச்சு, நேரம் இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு. ரேஷன் புழுங்கல் அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்கு அருமையாக அமையும். கையில் மிஞ்சும் உழைப்பை, எது கடையில் விலையேறுமோ அதில் செலுத்துவதுதான் கெட்டிக்காரத்தனம்.

அப்படி விலையேறுவது மழைக்காலத்துக் காய்கறி. அதற்கு மாற்றுத்தான் வத்தல். சுண்டைக்காய், கொத்தவரை, மிதுக்கங்காய் மூன்றுக்கும் முறை ஒன்றே. சுண்டைக்காய் 1 கிலோ என்றால், காம்பு கிள்ளி, அம்மிக் குழவியால் லேசாக ஒரு தட்டுத் தட்டி வாய் பிளக்க வைக்க வேண்டும். விதை சிதறும் அளவுக்குத் தட்டினால் வத்தல் பொடிப்பொடியாகிவிடும். நன்றாகப் புளித்த மோர் 1 லிட்டர், கல் உப்பு 100 கிராம். ராத்திரி முழுக்க ஊறி, காலையில் காயை மட்டும் பிழியாமல் அள்ளி வெயிலில் போட்டு, மோரையும் வெயிலிலேயே வைத்து, சாயங்காலம் காயை மறுபடி அதே மோரில் போட வேண்டும். மூன்று நாலு நாளில் மோர் முழுக்கக் காயில் ஏறிவிடும். அதன் பிறகு இரண்டு மூன்று நாள் வெறும் வெயில்.

இதில் கெடுவது மோரால்தான். புளிக்காத மோரில் போட்டால் இரண்டாம் நாளே கொழகொழப்பும் வாடையும் வரும், புளிப்புத்தான் அங்கே காவல். இரண்டாவது, ஊற வைத்த அன்றே மேகம் போடுவது. அப்போது உப்பைக் கொஞ்சம் கூட்டி மோரிலேயே இன்னொரு நாள் விடலாம், வெயில் வந்ததும் எடுத்துப் போடலாம். பாதி காய்ந்ததை மின்விசிறிக்கு அடியில் பரப்பினால் ஒப்பேறும். கட்டி வைத்தால்தான் ஒப்பேறாது. கரிசலில் தானாக முளைக்கும் அதலைக்காயையும் இப்படி வைக்கலாமா என்று கேட்பார்கள். பறித்ததும் சீக்கிரமே பழுத்து வெடிக்கும் காய் அது, அன்றன்றைக்குப் பொரியலாக்கித் தீர்ப்பதே வழி.

எண்ணெய்க்குச் செக்குக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 10 கிலோ நிலக்கடலைப் பருப்பில் 4 லிட்டர் அளவுக்கு எண்ணெய் எதிர்பார்க்கலாம். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பூத்தது எல்லாவற்றையும் சுளவில், அதாவது முறத்தில், போட்டுப் பொறுக்கி எறிந்த பிறகே ஆட்டக் கொடுக்க வேண்டும். எடை குறைகிறதே என்று பார்த்தால், அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு எண்ணெயிலும் பிண்ணாக்கிலும் கலந்துவிடும். ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் தெளிய வைத்து, அடியில் தங்கும் கசடைக் கலக்காமல் மேலாக வடித்து எடுக்க வேண்டும். கசடோடு அடைத்த எண்ணெய்தான் முதலில் சிக்கு வாடை அடிக்கும். பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகும்.

மாடு என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. தீவனப்புல் வளர்க்க இடமும் தண்ணீரும் இல்லாத இளம் தம்பதி கறவை மாடு வாங்குவதைப் போல நட்டமான தற்சார்பு வேறில்லை. பெரிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ பசுந்தீவனமாவது வேண்டும். சொசைட்டிக்குப் பால் ஊற்றிய காசு தவிட்டுக்கும் தட்டைக்கும் போய்ச் சேரும். நெய் கணக்கு இன்னும் மோசம், 1 கிலோ நெய் எடுக்கப் பசும்பால் 25 லிட்டர் ஆகும். ஒரு மாட்டுச் சாணத்தில் சமையல் எரிவாயு முழுவதும் கிடைத்துவிடும் என்பதும் ஆசைதான். 1 கன மீட்டர் வாயுவுக்கு ஏறக்குறைய 25 கிலோ சாணம் கரைக்க வேண்டும், ஒரு மாடு 10, 15 கிலோதான் போடும். வீட்டுக்குப் போதுமான கலன் ஓட மூன்று நாலு உருப்படி வேண்டும்.

கோழிக்குக் கணக்கு நேர்மாறு. நாலு நாட்டுக்கோழி, ஒரு சேவல். தீனிச் செலவு ஏறக்குறைய இல்லை. ஒரு கோழி வருஷத்தில் மூன்று நாலு தடவையாக 60, 70 முட்டை இடும். அடை வைக்கும்போது ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாக, கோழியின் உடம்புக்கு அடங்குகிற அளவுக்கு 10 முதல் 12 வரை வைத்தால் போதும். ஆசைக்கு 15 வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு போதாது, அது உருண்டு உருண்டு மாறுவதால் எல்லாமே கெடும். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கரு உள்ளது சிலந்தி வலை மாதிரி நரம்போடு தெரியும், வெறும் மஞ்சளாகத் தெரிவதை எடுத்துவிடலாம். 21-ஆம் நாள் பொரிக்கும். அக்கினி நட்சத்திர வெயிலில் அடை வைத்தால் பாதி கூமுட்டையாகும். முட்டையைச் சேர்த்து வைக்கும் இடமே அப்போது சூடாகிவிடுவது காரணம்.

குஞ்சுக்கு முதல் மாதத் தீனியாகக் கறையான் பிடிக்கும் வழி ஒன்று உண்டு. ஓட்டைப் பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றுப் பக்கமாகச் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் உதறிவிட வேண்டும். தாமதித்தால் கறையான் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் காலி செய்வது வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோய். வந்த பிறகு மருந்து கிடையாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் போடுவார்கள், முகாமும் நடக்கும். பக்கத்து வீட்டில் கோழி சாகத் தொடங்கிய பிறகு ஊசிக்கு ஓடுவது பயனில்லை, உடம்பில் எதிர்ப்பு வர நாளாகும். சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே பஞ்சாரத்துக்குள் விடாமல், இரண்டு வாரம் தனியே கட்டி வைக்க வேண்டும்.

காய்கறித் தோட்டம் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் வழியிலேயே அமையட்டும். வாழை, கல்வாழை, சேம்பு அந்தத் தண்ணீரைத் தாங்கும். சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விட வேண்டாம். அவரையை ஆடியில் ஊன்றினால் பகல் குறுகும் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். தையில் ஊன்றினால் கொடி மட்டும் பந்தல் ஏறும். விதை எடுக்கும்போது கடை விதையில் கலப்பினம் என்று இருந்தால் அதன் காயிலிருந்து விதை எடுக்காதீர்கள், அடுத்த தலைமுறை ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சுரைக்காயில் இன்னொரு எச்சரிக்கை, கசக்கிற சுரைக்காயைச் சமைக்கவும் கூடாது, விதைக்கு விடவும் கூடாது. அந்தக் கசப்பு நஞ்சு, வேக வைத்தாலும் போகாது.

மழைத் தண்ணீர் சேமிப்பதற்குக் கூரையின் அளவு போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 40 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லி மீட்டர் மழைக்கு 2000 லிட்டர், சிந்தியது சிதறியது போக 1600. முதல் மழையை வெளியே விட்டு மாடியைக் கழுவிக்கொண்டு, அடுத்ததிலிருந்து பிடிக்க வேண்டும். தொட்டியின் வாயைத் துணியால் இறுகக் கட்டாவிட்டால் டெங்கு கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும்.

அந்த மழை தொடங்கும் ஐப்பசியில்தான் பங்குனி வெயிலில் செய்த வேலை சரியா என்று தெரியும். உளுந்து டிரம்மைத் திறந்து முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பாருங்கள். குளுகுளுவென்று இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், மூடிவிடுங்கள். நடுவில் வெதுவெதுப்பாகத் தட்டினால் உள்ளே வண்டு பெருகுகிறது என்று அர்த்தம், புழு மூச்சு விடும் சூடு அது. அடைமழையில் வெயிலுக்கு வழியில்லை. முழுவதையும் கொட்டிச் சுளவில் புடைத்து, ஓட்டை விழுந்ததைக் கோழிக்குப் போட்டுவிட்டு, நல்லதாக மிஞ்சியதை இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தெடுக்க வேண்டும். வறுத்த உளுந்தை ஆட்டினால் மாவு பொங்காது, இட்லிக்கு ஆகாது. அதை அரிசியோடு சேர்த்துத் திரித்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு அந்த மழைக்காலம் முழுக்க உளுந்தங்களி கிண்டித் தீர்க்கலாம்.